மதகைத் திறப்பவர் யார்?

பெங்களூர்–ஒசூர் நெடுஞ்சாலையில் மாநில எல்லையை ஒட்டியுள்ள அத்திபெலே, ஏரிகள் நிறைந்த ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. பழைய மைசூர்ச் சீமையில் ஏரி மதகைத் திறந்து மூடுவதும், வயல்தோறும் நீரைப் பங்கிடுவதும் ‘நீருகண்டி’யின் பணி. தமிழ்நாட்டு நீர்க்கட்டியைப் போன்ற இவர் பெரும்பாலும் பட்டியல் வகுப்பினர். மானிய நிலமும் அறுவடைத் தானியத்தில் ஒரு பங்கும் இவருக்குரிய ஊதியம்.

1961-ஆம் ஆண்டின் கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் பரம்பரைப் பதவிகளை நீக்கியது. பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் மதகடியில் இரவெல்லாம் நிற்பவருக்குக் கூலி எங்கிருந்து வரும்?

2002-இல் உலக வங்கி உதவியுடன் சில மாவட்டங்களில் தொடங்கிய திட்டம், ஏரிப் பயனாளர் சங்கங்களை அமைத்துப் புனரமைப்பை அவற்றிடம் ஒப்படைக்க முயன்றது. கரையைச் சீரமைக்க ஒருமுறை நிதி போதும். நீருகண்டிக்கோ ஆண்டுதோறும் கூலி வேண்டும். ஆழ்துளைக் கிணறு உடையவர் அதற்குப் பங்களிக்கத் தயங்குவார். மதகுநீரையே நம்பும் சிறு விவசாயியால் முழுச் சுமையையும் தாங்க இயலாது.