அடுத்த பாட்டு ஒலிப்பதற்கு முன்பே

ரெகே பாடகர் பாப் மார்லியின் ஹிட் பாட்டுகளைத் தொகுத்த ‘லெஜண்ட்’ ஆல்பத்தைத் தேயத் தேயக் கேட்டவர்களிடம் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். முதல் பாட்டு ‘இஸ் திஸ் லவ்’ மெல்ல அடங்கி ஓயும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். அறையில் சத்தமே இருக்காது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவரின் தலைக்குள் ஆர்கன் வாசிப்பு தொடங்கியிருக்கும். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் திரண்டிருந்த கூட்டத்தின் இரைச்சலும் அதற்குப் பின்னால் கேட்கும். இரண்டாவது பாட்டான ‘நோ உமன் நோ க்ரை’ இன்னும் வரவேயில்லை. அதற்குள் உடம்பு தயாராகிவிட்டது.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆம்பர் லீவர், ஜோசஃப் ரவுஷெக்கர் உள்ளிட்டோர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் தங்களுக்கு மனப்பாடமான சிடியைக் கொண்டுவந்தார்கள். எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி ஒரு பாட்டின் கடைசிப் பகுதியைக் கேட்டார்கள். பிறகு சத்தம் நின்றது. அந்த அமைதியில், மூளையின் முன்பகுதியிலும் உடலசைவைத் திட்டமிடும் பகுதியிலும் துடிப்பு கூடியது. முன்பின் கேட்டிராத பாட்டுகளுக்குப் பிறகு வந்த அமைதியில் அப்படி நடக்கவில்லை. பாட்டுகளின் வரிசையை மூளை ஏறக்குறைய ஒரு நடன அடியைப் போலக் கற்று வைத்துக்கொள்கிறது. இந்தக் கால் எடுத்தால் அடுத்து அந்தக் கால்.

கேசட் காலத்தில் வளர்ந்த தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கியவர்கள் அவர்கள். பல வருஷம் கழித்து அதில் ஒரு பாட்டு டீக்கடை ரேடியோவில் ஒலித்து முடிந்தால், வாய் தானாக அந்தக் கேசட்டின் அடுத்த பாட்டை முணுமுணுக்கும். ரேடியோ வேறெதையோ போடும்போது சின்ன ஏமாற்றம்கூட வரும்.

இப்படிக் காத்திருப்பதிலேயே இன்பம் இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இசை கேட்டால் மயிர்க்கூச்செறியும் இயல்புள்ள 8 பேரின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். சிலிர்ப்பு உச்சத்தைத் தொடும்போது நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரந்தது. அதில் வியப்பில்லை. ஆனால் உச்சத்துக்குச் சற்று முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் எதிர்பார்க்கும் நொடிகளில், காடேட் என்ற இன்னொரு பகுதியில் டோபமைன் சுரந்துவிட்டது. தெரிந்த பாட்டு இரண்டு தடவை பரிசு தருகிறது: வரும் முன் ஒன்று, வந்த பின் ஒன்று. தானே எழுதி, மெட்டமைத்து, பாடும் ஒரு கலைஞரின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஆல்பம் முழுக்க முழுக்கத் தெரிந்த பாட்டுகளின் வரிசை. பாட்டுக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு போதாதென்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான வெற்றிடத்திலும் எதிர்பார்ப்பு நிரம்பியிருக்கிறது.

ஆனால் அந்த வரிசையை அமைப்பது யார்? பெரும்பாலும் பாடியவர் இல்லை. மார்லி விஷயத்தில் அவர் உயிரோடே இல்லை.

1981 மே 11இல், 36 வயதில், மயாமியில் மார்லி புற்றுநோயால் இறந்தார். மூன்று வருஷம் கழித்து, 1984 மே மாதம் ‘லெஜண்ட்’ வந்தது. தொகுத்தவர் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை அப்போது நடத்திவந்த டேவ் ராபின்சன். மார்லியின் ஆல்பங்களை வாங்காத வெள்ளையர்களிடம் ஆள் அனுப்பிக் கருத்துக் கேட்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குப் பாட்டுகள் பிடித்திருந்தன. கிளர்ச்சிக்காரர் என்ற பிம்பம்தான் தயங்க வைத்தது. ஆகவே அட்டையில் கோபமில்லாத, கையைக் கன்னத்தருகே வைத்து யோசனையில் ஆழ்ந்த மார்லி.

பாட்டுத் தேர்வையும் கூர்ந்து பார்க்க வேண்டும். மொத்தம் 14 பாட்டு. 1977இல் வந்த ‘எக்சோடஸ்’ ஆல்பத்திலிருந்து மட்டும் 5. ‘கயா’, ‘அப்ரைசிங்’, ‘பர்னின்’’ ஒவ்வொன்றிலிருந்தும் 2. ‘கேட்ச் எ ஃபயர்’, லைசியம் கச்சேரியின் நேரடிப் பதிவு, அவர் மறைவுக்குப் பின் வந்த ‘கன்ஃப்ரண்டேஷன்’ ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று. ‘நோ உமன் நோ க்ரை’க்கு 1974இல் ஸ்டூடியோவில் எடுத்த பதிவு ஒன்று இருந்தது, அது கொஞ்சம் அவசரமாக ஓடும். தொகுத்தவர்கள் அதை விட்டுவிட்டு நேரடிப் பதிவை எடுத்தது மிகச் சரியான முடிவு. அந்தப் பதிவில் வேகம் தணிந்திருக்கிறது. பல்லவியைக் கூட்டமும் சேர்ந்து பாடுகிறது. அடுத்த அடி என்னவென்று அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்களுடைய எதிர்பார்ப்பும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. இன்று கேட்பவரையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பிரிட்டனில் ‘லெஜண்ட்’ 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் இதுவரை 800 வாரங்களுக்கு மேல் இடம்பெற்றிருக்கிறது. அதில் அது தொட்ட உச்சம் 5ஆம் இடம். அதுவும் வெளிவந்து 30 வருஷம் கழித்து, 2014இல், இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டபோது.

இவ்வளவு காலம் சலிக்காமல் இருப்பது எப்படி? பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968லேயே காட்டினார். அர்த்தமில்லாத சொற்களைக்கூட அடிக்கடி பார்த்தவர்கள், அவற்றுக்கு நல்ல அர்த்தம்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் பாட்டு திகட்டவும் செய்யுமே. 2004இல் டொரண்டோ ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். உன்னிப்பாகக் கேட்டவர்களுக்கு ஒரு இசைத்துண்டு சில தடவை வரை மேலும் மேலும் பிடித்தது, பிறகு சலித்தது. வேறு வேலையில் கவனமாக இருந்து, பின்னணியில் மட்டும் கேட்டவர்களுக்குச் சலிக்கவே இல்லை. விருப்பம் ஏறிக்கொண்டே போனது. சமைக்கும்போதும், கார் ஓட்டும்போதும், கடற்கரைக் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்பத்துக்கு ஆயுள் கெட்டியாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

தாளத்துக்கும் இதில் பங்குண்டு. பெரும்பாலான மேற்கத்திய பாப் இசையில் நான்கு எண்ணிக்கையின் முதல் தட்டுதான் அழுத்தமாக விழும். மார்லியின் டிரம்மர் கார்ல்டன் பேரட்டின் புகழ்பெற்ற ‘ஒன் டிராப்’ தாளத்தில் அந்த முதல் தட்டு காலியாக இருக்கும். மூன்றாவதில்தான் கிக் டிரம் இறங்கும். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் ‘சக்’கென்று வெட்டும். அவருடைய அண்ணன் ஆஸ்டனின் பேஸ் கிட்டார் அடியில் பாடிக்கொண்டே போகும். ஒன்றாம் எண்ணிக்கையில் விடுபட்ட அடியைக் கேட்பவரின் கால்தான் தரையில் தட்டி நிரப்புகிறது. அப்போது டென்மார்க்கில் பணியாற்றிய மரியா விட்டெக், சகாக்களுடன் 50 டிரம் துண்டுகளை வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதோடு ஒத்துப்போகிறது. எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாமல் தள்ளி விழும் தன்மை மிகக் குறைவாக இருந்தாலும், மிக அதிகமாக இருந்தாலும், ஆடத் தோன்றவில்லை. நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் உடம்பு ஆசைப்பட்டது.

1984க்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் இந்த ஆல்பம் சொந்தமானது எப்படி என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரும்ஹான்சல், ஜஸ்டின் ஸுப்னிக் இருவரும் இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளோடு நினைவுகள் பின்னியிருந்தது இயல்பு. ஆனால் 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும் ஒரு மேடு தெரிந்தது. அது அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலம். அப்பா காரில் போட்ட பாட்டு பிள்ளையின் நினைவிலும் ஊறிவிடுகிறது. அப்படிக் காரில் கிடக்கும் ஆல்பம் பெரும்பாலும் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’தான்.

ஹிட் என்பது பாட்டின் தரத்தை மட்டுமே பொறுத்ததா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். யாரும் அறியாத 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, கேட்பவர்களை 8 தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். தன் உலகத்தில் மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40ஆவது இடத்துக்குப் போனது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போனதும், மோசமானவை உச்சிக்கு வந்ததும் அபூர்வம். நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை முதலில் வந்தவர்களின் தேர்வே எழுதியது.

‘லெஜண்ட்’டிலும் இதைப் பார்க்கலாம். மார்லி உயிரோடிருந்தபோது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நுழைந்த அவருடைய பாட்டு ஒன்றே ஒன்றுதான்: 1976இல் 51ஆம் இடம் வரை வந்த ‘ரூட்ஸ், ராக், ரெகே’. அது ‘லெஜண்ட்’டில் இல்லை. அது இடம்பெற்ற ‘ராஸ்தமான் வைப்ரேஷன்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. 1980இல் பிரிட்டனில் 17ஆம் இடத்தோடு நின்ற ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ உள்ளே வந்தது. இன்று மார்லி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டுதான்.

1979இல் வந்த ‘சர்வைவல்’ முற்றிலும் விடுபட்டது. ‘லெஜண்ட்’டை எத்தனை நேசித்தாலும் இந்த ஒரு குறையை மன்னிக்க முடிவதில்லை. அட்டை நிறைய ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகள். தலைப்புக்குப் பின்னால் அடிமைக் கப்பலில் மனிதர்களை அடுக்கிய வரைபடம். அதில் ‘ஜிம்பாப்வே’ என்றொரு பாட்டு உண்டு. அந்த நாடு பிறப்பதற்கு முன்பே எழுதியது. 1980 ஏப்ரலில், சுதந்திர இரவன்று, ருஃபாரோ மைதானத்தில் மார்லி அதைப் பாடினார். ஒலிபெருக்கிகளையும் மற்ற கருவிகளையும் சொந்தச் செலவில் விமானத்தில் கொண்டுபோயிருந்தார். வெளியே நின்ற மக்கள் வாயிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, கச்சேரி தடைபட்டது. புகை அடங்கியதும் குழு மறுபடி மேடையேறியது. மறுநாள் பொதுமக்களுக்காக இன்னொரு தடவையும் பாடினார்கள்.

‘லெஜண்ட்’டின் கடைசிப் பாட்டு ‘ஜாமிங்’. அது ஓய்ந்ததும், கேட்டுப் பழகியவர்களின் தலைக்குள் மறுபடி ‘இஸ் திஸ் லவ்’ தொடங்கிவிடுகிறது.