தங்க ஓலை பிறந்த கதை



பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி நடக்கிறது. மிக நன்றாக நடித்தது உங்கள் தோழி. ஆனால், முதல் பரிசு போனதோ, விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவரின் மகனுக்கு! உங்களுக்கு எப்படி இருக்கும்? 'இது நியாயமே இல்லை' என்று பொருமுவீர்கள் அல்லவா?

அப்படிப் பொருமிய சிலரால் பிறந்ததுதான், இன்று உலகமே திரும்பிப் பார்க்கும் கேன்ஸ் சர்வதேசத் திரைப்பட விழா. கேன்ஸ், பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் சிறிய நகரம். ஒரு காலத்தில் மீனவர்கள் வாழ்ந்த சிற்றூர். அந்நாட்டு மக்கள் இதை 'கான்' என்பார்கள். நாம் 'கேன்ஸ்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். சரி, கதைக்கு வருவோமா?

வெனிஸில் நடந்த அநியாயம்

உலகின் முதல் பெரிய திரைப்பட விழா 1932ல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்றின் மொட்டை மாடியில் படங்களைக் காட்டினார்கள். பல நாட்டுப் படங்களை ஒரே இடத்தில் பார்ப்பது அப்போது பெரிய அதிசயம்.

அந்த நாளில் இத்தாலியை ஆண்டவர் சர்வாதிகாரி முசோலினி. விழாவின் பெரிய பரிசுக்கே அவர் பெயர்தான், 'முசோலினி கோப்பை!' 1938ம் ஆண்டு விழாவில் அந்தக் கோப்பை இரண்டு படங்களுக்குக் கிடைத்தது. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றிய 'ஒலிம்பியா' என்ற ஜெர்மானியப் படம். ஹிட்லரின் ஆதரவோடு எடுக்கப்பட்டது. மற்றொன்று, விமானி ஒருவரைப் பற்றிய இத்தாலியப் படம். அதை மேற்பார்வை செய்தவர் யார் தெரியுமா? முசோலினியின் சொந்த மகன்!

'படத்தைப் பார்த்தா பரிசு கொடுத்தார்கள்? ஆளைப் பார்த்தல்லவா கொடுத்திருக்கிறார்கள்' என்று மற்ற நாட்டினர் கொதித்துப் போனார்கள். பிரான்ஸ் சார்பில் நடுவராகச் சென்றிருந்த பிலிப் எர்லாங்கர் என்ற அதிகாரி, ரயிலில் ஊர் திரும்பும்போதே ஒரு முடிவுக்கு வந்தார். 'யாருடைய நெருக்கடிக்கும் பணியாத ஒரு விழாவை நம் நாட்டில் நடத்த வேண்டும்!'

அவரது யோசனைக்குத் துணை நின்றவர், பிரான்சின் கல்வி அமைச்சர் ஜான் சே. இளம் வயதிலேயே அமைச்சரானவர். குழந்தைகள் 13 வயது வரை கட்டாயம் படிக்க வேண்டும் என்றிருந்ததை, 14 வயதாக உயர்த்தியவர் இவர்தான்.

விழா தொடங்கும் நாளில் போர்!

விழாவுக்கு கேன்ஸ் நகரம் தேர்வானது. நாள் குறித்தார்கள், 1939 செப்டம்பர் 1. சினிமாவைக் கண்டுபிடித்த லூமியேர் சகோதரர்களில் ஒருவரான லூயி லூமியேர் கௌரவத் தலைவர். அமெரிக்காவிலிருந்து நட்சத்திரங்கள் கப்பலேறி வந்தார்கள். உங்களுக்குப் பிடித்த மந்திரக் கதையான 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படமும் பட்டியலில் இருந்தது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நோத்ர தாம் தேவாலயத்தைப் போல ஒரு மாதிரியை அட்டையில் செய்து கடற்கரையில் நிறுத்தியிருந்தார்கள்.

எல்லாம் தயார். ஆனால், அதே செப்டம்பர் 1ம் தேதி அதிகாலையில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. இரண்டு நாளில் பிரான்சும் பிரிட்டனும் போர் அறிவித்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது! வந்தவர்கள் அவசர அவசரமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தொடங்காமலே நின்று போனது விழா.

முதல் விழாவில் நம் நாடு

போர் முடிந்த மறு ஆண்டு, 1946 செப்டம்பர் 20ல், ஒருவழியாக விழா தொடங்கியது. நாடே நொடித்துப் போயிருந்த நேரம் அது. அனுபவமும் போதாது. புகழ்பெற்ற இயக்குநர் ஹிட்ச்காக்கின் படத்தைத் திரையிட்டபோது, படச்சுருள்களை வரிசை மாற்றி ஓட்டிவிட்டார்களாம்! கதை புரியாமல் பார்வையாளர்கள் விழித்திருப்பார்கள், பாவம்.

அந்த முதல் விழாவில் 11 படங்கள் பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டன. அவற்றில் ஒன்று, இந்தியப் படம்! சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்.' மேட்டில் வாழும் பணக்காரர் ஒருவர் சாக்கடையைப் பள்ளத்தில் வாழும் ஏழைகளின் பக்கம் திருப்பிவிடுகிறார். அங்கே நோய் பரவுகிறது. மக்கள் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கிறார்கள். இதுதான் கதை. இதற்கு இசையமைத்தவர் சிதார் மேதை ரவிசங்கர். நம் நாடு அப்போது சுதந்திரமே அடையவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்!

பணமில்லாததால் 1948லும், 1950லும் விழா நடக்கவில்லை. கேன்ஸ் கடற்கரைச் சாலையின் அழகே அதன் பனை வகை மரங்கள்தாம். அந்த மரத்தின் ஓலை, நகரின் சின்னத்திலும் உண்டு. எனவே, 1955ல் தங்க ஓலையையே முதல் பரிசாக்கினார்கள். 'பாம் தோர்' என்று பெயர். 'தங்கப் பனை' என்று பொருள்.

ஒரு சிறுவன், ஒரு சிறுமி, ஒரு பலூன்

1956ம் ஆண்டு விழா குழந்தைகளுக்கு உரியது என்றே சொல்லலாம். வங்காளத்திலிருந்து சத்யஜித் ராய் எடுத்த 'பதேர் பாஞ்சாலி' போயிருந்தது. அப்பு என்ற சிறுவனும், துர்கா என்ற அவன் அக்காவும், அவர்களின் வறுமையும்தான் கதை. நாணல் பூக்களுக்கு நடுவே ஓடிப்போய் இருவரும் ரயிலைப் பார்க்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். மனைவியின் நகைகளை அடகு வைத்தும் பணம் போதாமல், விட்டுவிட்டு எடுத்து முடித்த படம் அது.

கேன்ஸில் அதை நள்ளிரவில் திரையிட்டார்கள். களைத்துப் போன நடுவர்கள் பலர் வரவே இல்லை! பார்த்த சில விமர்சகர்கள் சும்மா இருக்கவில்லை. 'இன்னொரு முறை திரையிடுங்கள்' என்று வற்புறுத்தினார்கள். மறுபடி காட்டினார்கள். 'சிறந்த மனித ஆவணம்' என்ற பரிசு கிடைத்தது. அந்தச் சிலர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

அதே ஆண்டு குறும்படத்துக்கான தங்கப் பனையை வென்றது 'சிவப்பு பலூன்' என்ற பிரெஞ்சுப் படம். 34 நிமிடம்தான். ஒரு சிறுவனின் பின்னாலேயே நாய்க்குட்டி போலச் சுற்றி வரும் பலூனின் கதை. இயக்குநர் லாமோரிஸின் மகனே அதில் நடித்தான்.

2004ல் இன்னொரு சுவையான சம்பவம். சிறந்த நடிகருக்கான பரிசு, 14 வயது ஜப்பானியச் சிறுவன் யூயா யாகிராவுக்குக் கிடைத்தது. ஆனால், மேடையில் அவன் இல்லை. பள்ளித் தேர்வு எழுத ஊருக்குப் போய்விட்டான்! இயக்குநர்தான் பரிசை வாங்கிக்கொண்டார்.

இடையில் தடைகளும் வந்தன. 1968ல் மாணவர், தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாக இயக்குநர்களே திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கிப் படத்தை நிறுத்தினார்கள். பரிசு தராமலே அவ்விழா முடிந்தது. 2020ல் கொரோனாவால் வழக்கமான விழா நடக்கவில்லை. 2024ல் பாயல் கபாடியா என்ற இந்தியப் பெண் இயக்குநர், தங்கப் பனைக்கு அடுத்த 'கிராண்ட் பிரீ' பரிசை வென்று நமக்குப் பெருமை சேர்த்தார்.

தாமதமாக வந்த பரிசு

1939ல் நின்றுபோன போட்டி என்ன ஆயிற்று? 2002ல் அந்தப் பட்டியலிலிருந்து 7 படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிட்டார்கள். நடுவர் குழு அமர்ந்து, 'யூனியன் பசிபிக்' என்ற அமெரிக்கப் படத்துக்குப் பரிசு அளித்தது. 63 ஆண்டுகள் கழித்து! படத்தின் இயக்குநர் டிமில் அப்போது உயிருடன் இல்லை.

கல்வி அமைச்சர் ஜான் சேயும் தாம் கனவு கண்ட விழாவைப் பார்க்கவில்லை. போர்க்காலத்தில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1944 ஜூனில் சுட்டுக் கொன்றார்கள். 2015ல்தான் அவரது உடலின் எச்சங்களைப் பாரிஸில் மாமனிதர்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்தில் வைத்து மரியாதை செய்தது பிரான்ஸ்.

குழந்தைகளே, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஓவியப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கிணற்றடியில் தண்ணீர் குடிக்கும் மாட்டை வரைந்திருந்தாள். அதன் கண்ணில் உயிர் இருந்தது. ஊரில் செல்வாக்கான ஒருவர் என் காதில் தம் பேரன் பெயரைச் சொன்னார். நான் பயந்தேன். முதல் பரிசைப் பேரனுக்கே கொடுத்துவிட்டேன். அந்தச் சிறுமி எதுவும் கேட்கவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு முதல், ஓவியங்களின் பின்புறம் எண் மட்டும் எழுதி, வேறு மூவரைப் பார்க்கச் சொன்னேன். யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் ஒரு சண்டையும் வந்ததில்லை. ஆனால், அந்தச் சிறுமி அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

நாளை நீங்களும் வகுப்புத் தலைவராகவோ, விளையாட்டில் நடுவராகவோ நிற்பீர்கள். அப்போது யாராவது உங்கள் காதருகே குனிந்தால், இந்தத் தங்க ஓலையின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். செய்வீர்கள்தானே?