வயருக்கு ஒரு காவல், ஆளுக்கு ஒரு காவல்

உத்தமபாளையத்தில் சித்தப்பா வீடு கட்டி நான்கு வருடம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் அந்த வீட்டில் மட்டும் அடிக்கடி கரண்ட் போனது. தெருவிளக்கு எரியும், எதிர்வீட்டில் டிவி ஓடும், இவர்கள் மெழுகுவர்த்தி தேடுவார்கள். வந்து பார்த்த வயர்மேன், டிபி பெட்டியில் இருந்த ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு இரண்டு துண்டு வயரால் நேரடியாக இணைத்துவிட்டார். "இது ரொம்ப சென்சிட்டிவான சாமான்ணே, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்றாராம். அதன் பிறகு கரண்ட் போகவே இல்லை. கார்த்திகையில் நான் போனபோது சித்தப்பா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்த எனக்குப் பதறிவிட்டது.

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் பார்க்க மதுரை வரை போய்வருகிறார்கள். டிபி பெட்டியை மட்டும் வயர்மேன் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் இருக்கும் சொற்களுக்கு அர்த்தம் தெரிந்தால் போதும், பாதித் தவறுகள் நடக்காது.

ஈபி மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் கரண்டைப் பல கிளைகளாகப் பிரித்து அனுப்பும் இடம் டிபி. அதில் முதலில் இருப்பது ஐசோலேட்டர். வீடு முழுவதையும் ஒரே கையில் அணைக்கும் சுவிட்ச், அவ்வளவுதான். அது தானாக எதையும் துண்டிக்காது. சில வீடுகளில் ஐசோலேட்டரும் இரண்டு எம்சிபியும் மட்டும் போட்டுவிட்டு எல்லாப் பாதுகாப்பும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எம்சிபியின் வேலை வயரைக் காப்பது. பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியரின் இடத்துக்கு வந்தது அது. அளவுக்கு மேல் லோடு ஏறினால் உள்ளே ஒரு உலோகப் பட்டை சூடேறி வளைந்து சற்று நேரத்தில் துண்டிக்கும். ஷார்ட் ஆனால் உள்ளிருக்கும் காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். ஆகவே வயரைப் பார்த்துத்தான் எம்சிபியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளக்கு, ஃபேனுக்கு ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர். சமையலறை பிளக், கீசருக்குப் போகும் 2.5க்கு 16. ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தால் 20. கணக்கு எளிது: 2000 வாட் கீசரை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். "அடிக்கடி டிரிப் ஆகுது, பெருசா ஒண்ணு போட்டுவிடு" என்று 16 இருந்த இடத்தில் 32 போடச் சொல்வதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. எம்சிபி சும்மா இருக்கும், சுவருக்குள் வயர் உருகும்.

எம்சிபி முகத்தில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும்: பி, சி அல்லது டி. திடீரென எகிறும் கரண்டை எதுவரை பொறுத்துக்கொள்ளும் என்பதை அந்த எழுத்து சொல்கிறது. பி வகை தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கில் உடனே துண்டிக்கும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கில். நம் பக்கம் வீட்டுக்கு வீடு தண்ணீர் மோட்டார் உண்டு. ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்கு பி10 போட்டால் மோட்டாரைப் போடும்போதெல்லாம் விழுந்துகொண்டே இருக்கலாம். சி வகைதான் சரி. வெறும் விளக்கு லைனுக்கு பி போதும். கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருப்பது, பெரிய ஷார்ட்டில் எத்தனை ஆம்பியரை வெடிக்காமல் துண்டிக்கும் என்ற அளவு. ஐஎஸ்ஐ முத்திரையோடு அதையும் பார்த்து வாங்குங்கள்.

இனி ஆர்சிசிபி. இது ஆளைக் காப்பது. ஈரக் காலோடு நிற்கும் ஒருவர் 230 வோல்ட் வயரைத் தொட்டால் அவர் உடம்பு வழியே கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் கரண்ட் பாயலாம். 60 வாட் குண்டு பல்பு அதைவிட அதிகம் இழுக்கிறது. 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது இன்னொரு பல்பு, கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும்.

ஆர்சிசிபி லோடைப் பார்ப்பதில்லை, கணக்கைப் பார்க்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரமாகிவிட்டு, பிறகு பழனிசெட்டிபட்டி வரை நம் வயல்களுக்கு ஓடிவருகிறது. தலைமதகில் விட்ட தண்ணீர் கடைமடைக்குக் குறைவாக வந்தால் நடுவில் எங்கோ உடைப்பு என்று விவசாயிக்குத் தெரியும். அதேபோல பேஸ் வழியே போன கரண்ட் நியூட்ரல் வழியே முழுதாகத் திரும்ப வேண்டும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே, அது யார் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு ஒரு நொடிக்குள் துண்டித்துவிடும். 6 ஆம்பியரில் 200இல் ஒரு பங்கு அது. வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர்தான் வாங்க வேண்டும். கடையில் 100, 300 என்றும் இருக்கும், அவை ஆளைக் காக்கும் அளவுகள் அல்ல. ஆனால் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது, கூட எம்சிபி இருந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே உடலில் இருந்தால் அதன் பெயர் ஆர்சிபிஓ. விலை கூடுதல்தான். ஆனாலும் ஃபிரிட்ஜ் லைனுக்குத் தனியாக ஓர் ஆர்சிபிஓ போட்டால், வேறெங்கோ கசிவு வந்து வீடு இருளும்போது பால், மாவு கெடாது.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் ஈபி லைனின் நியூட்ரலையும் ஒரே நியூட்ரல் லிங்கில் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். ஒரு கரண்ட் ஆர்சிசிபி வழியாகப் போய் வேறு வழியில் திரும்பும், கணக்கு உதைக்கும், காரணமே இல்லாமல் டிரிப் ஆகும். ஒவ்வோர் ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் லிங்க் வேண்டும். பெட்டி வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெட்டியின் அளவை 'வே' என்பார்கள். எஸ்பிஎன் என்றால் ஒரு பேஸ் பெட்டி. மூன்று பேஸ் பெட்டியான டிபிஎன்னில் 4 வே என்றால் பேஸுக்கு நான்கு, ஆக மொத்தம் பன்னிரண்டு எம்சிபி. நான்குதான் என்று நினைத்து 12 வே கேட்டு வாங்கி, சுவரைப் பெரிதாக இடித்தவர்கள் உண்டு. மூன்று பேஸ் வீட்டுக்குப் பேஸுக்கு ஓர் ஆர்சிசிபி வைக்கும் வகைப் பெட்டி நல்லது, ஓரிடத்துக் கசிவு முழு வீட்டையும் அணைக்காது. எதுவானாலும் இரண்டு மூன்று இடம் காலியாக விடுங்கள். நாளைக்கு ஏசி வரும், மாடி வரும்.

கோடை மழையில் இடி அதிகம் இறங்கும் மலையடிவாரம் இது. ஆகவே எஸ்பிடி என்னும் சர்ஜ் தடுப்பானுக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். நல்ல எர்த் இல்லாமல் அதனால் பயனில்லை.

சித்தப்பா வீட்டில் புது ஆர்சிசிபி வாங்கி மாட்டினோம். எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டோம். ஐந்தாவதில் விழுந்தது: மோட்டார் லைன். தொட்டி ஓரம் ஜாயிண்ட் பாக்ஸைத் திறந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. தொட்டியின் இரும்பு மூடி அதிலிருந்து ஒரு சாண் தூரம். சித்தி தினமும் காலையில் அந்த மூடியைத்தான் தூக்குவார். ஜாயிண்டே இல்லாமல் புது வயர் இழுத்தார்கள். பிறகு ஆர்சிசிபியில் இருக்கும் 'டி' பட்டனைச் சித்தியிடம் காட்டி அமுக்கச் சொன்னேன். டக்கென்று விழுந்தது. ஒவ்வொரு மாதப் பிறப்பன்றும் அமுக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.