வார்ப்பிரும்புச் செடி



பூங்கொத்தைப் பார்த்தால் கண் முதலில் பூவைத்தான் தேடும். அந்தப் பூவை எடுப்பாகக் காட்டுவது பின்னால் நிற்கும் பச்சை இலை. அப்படிப்பட்ட இலைகளில் ஒன்று ஆஸ்பிடிஸ்ட்ரா. தெற்கு ஜப்பானின் தீவுகளில், மர நிழலில் வளரும் என்றும் பசுமையான செடி இது. ஜப்பானியர் இதை ஹாரான் என்பார்கள். நீண்டு அகன்ற இதன் இலை, வெட்டி எடுத்த பிறகும் பல நாள் வாடாது. அதனால்தான் இகெபானா மலர்க்கலையில் இதற்குத் தனி இடம். இலையைச் சுருட்டியும் மடித்தும் கிழித்தும் புதுப்புது வடிவம் தருவார்கள். சூஷி உணவுப் பெட்டிகளில் இன்று காணும் பச்சை பிளாஸ்டிக் துண்டுகூட இந்த இலையின் நகல்தான்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தச் செடி இங்கிலாந்துக்குப் போனது. வெளிச்சம் குறைந்த வரவேற்பறைகளிலும், எரிவாயு விளக்குகளின் புகையிலும் தாக்குப்பிடித்தது. அதனால் 'வார்ப்பிரும்புச் செடி' என்று பெயர் வாங்கியது. பூவோ, மண்ணை ஒட்டியே ஊதா நிறத்தில் ஒளிந்திருக்கும்.

வானொலிக்கும் இந்தச் செடிக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பிரிட்டன் இயக்கத் தொடங்கிய மிகச் சக்திவாய்ந்த ஒலிபரப்பிக்குச் சூட்டிய பெயர், ஆஸ்பிடிஸ்ட்ரா!