எதைக் கழித்தாலும் 6174

மும்பை செம்பூரில் நிற்கும் ஒரு ஆட்டோவின் நம்பர் பிளேட்டில் கடைசி நான்கு இலக்கம் 1947 என்று வைத்துக்கொள்வோம். பெரிய இலக்கத்திலிருந்து அடுக்கினால் 9741, சின்னதிலிருந்து அடுக்கினால் 1479. கழித்தால் 8262. வந்த விடையையும் இதேபோல அடுக்கிக் கழியுங்கள்: 8622 - 2268 = 6354. அடுத்து 6543 - 3456 = 3087. அதற்கடுத்து 8730 - 0378 = 8352. பிறகு 8532 - 2358 = 6174. இதற்குமேல் எண் நகராது. 7641-இல் 1467 போனால் மீண்டும் 6174தான்.

எந்த வண்டியின் எண்ணை எடுத்தாலும் ஏழு தடவைக்குள் இங்கே வந்து சேரும். காசு கொடுத்து வாங்கும் 7777 மாதிரி ஃபேன்சி நம்பர் மட்டும் விலக்கு, அதில் மிஞ்சுவது பூஜ்யம். இடையில் மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் டி. ஆர். கப்ரேகர். மும்பைக்கு வடக்கே டஹாணுவில் 1905-இல் பிறந்து, நாசிக் பக்கம் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 6174-ஐ அவர் முதலில் சொன்னது 1949-இல், மதராஸ் கணித மாநாட்டில். முதுகலைப் பட்டம்கூட இல்லாத வாத்தியாரின் எண் விளையாட்டை இங்கே பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகுதான் பெயர் பரவியது. நம் வழக்கமே அதுதானே!

எல்லா எண்ணும் 6174-இல் வந்து நிற்பதில் மாயம் ஒன்றுமில்லை. முதல் கழித்தலிலேயே கூட்டம் கரைந்துவிடுகிறது. நான்கு இலக்கங்களில் பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் உள்ள இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் அதுதான் கழித்தல் விடை. 1947-க்கு வித்தியாசங்கள் 8, 3. அதாவது 7992 + 270 = 8262. இந்த இரண்டு வித்தியாசங்களைத் தவிர வேறெதுவும் விடையைப் பாதிப்பதில்லை. இப்படி அமையும் ஜோடிகள் மொத்தம் 54தான். ஆக 9,990 எண்களும் ஒரே கழித்தலில் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேனாவாலேயே சரிபார்த்துவிடலாம். தன்னையே திரும்பத் தருவது 6, 2 என்ற ஜோடி மட்டும்: 5994 + 180 = 6174.

மூன்று இலக்கத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு, 495. மாட்டுங்கா பின்கோடு 400019. அதன் கடைசி மூன்று இலக்கம் 019. அது 891, 792, 693, 594 என்று இறங்கி 495-இல் நிற்கும். தாராவிக்கு 017, செம்பூருக்கு 071. இலக்கங்கள் ஒன்றேயானதால் இரண்டும் ஒரே வழியில் போகும்: 693, 594, 495.

முழு பின்கோடையும் எடுத்தால் கதை வேறு. ஆறு இலக்கத்தில் எல்லா எண்ணும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. தாராவியின் 400017 முதலில் 740853 ஆகும், அடுத்து 840852. பிறகு 860832, 862632, 642654, 420876, 851742, 750843. அடுத்த கழித்தலில் மறுபடி அதே 840852. இந்த ஏழு எண்களுக்குள் அது ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மாட்டுங்காவின் 400019-உம் ஆறாவது கழித்தலில் 420876 ஆகி இதே வட்டத்தில் வந்து விழுகிறது.