என் பிள்ளை பைலட் ஆகணும் – 4: தாய்மாமனைக் கேளுங்கள்

பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு, தாளுக்குத் தாள் 70 மதிப்பெண் என்று போன வாரம் பார்த்தது நினைவிருக்கும். இந்த வாரம் வங்கிக் கடன் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கண் சோதனையைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமையிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன், பிளஸ் டூ முடித்தவன். எட்டாம் வகுப்பிலிருந்தே பைலட் கனவு. மொட்டை மாடியில் நின்று, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஏர்பஸ்ஸா ஏடிஆரா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அவன் அப்பா ஒரு பயிற்சி நிறுவனத்தில் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டிவிட்டார். மெடிக்கல் பற்றிக் கேட்டதற்கு, "அது ஒரு சடங்கு சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சனிக்கிழமை அவனோடு கண் மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். மேசைமேல் சின்னப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். முதல் பக்கம் "12" என்றான். அது எல்லோருக்கும் தெரியும் பக்கம். அடுத்ததில் எனக்கு 8 தெரிந்தது; அவன் "3" என்றான். 29 இருந்த பக்கத்தைப் பார்த்து "70" என்றான். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹரா 1917-ல் வெளியிட்ட சோதனை அது. சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாத கண்ணுக்குச் சில பக்கங்களில் வேறோர் எண் தெளிவாகவே தெரியும். தன் கண்ணில் குறை இருப்பது பதினேழு வயதுவரை அவனுக்கே தெரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

ஜான் டால்டனுக்கே அப்படித்தான். அணுக்கொள்கை என்று பள்ளியில் படித்தோமே, அந்த டால்டன். ஒரு ஜெரேனியப் பூ பகலில் ஒரு நிறமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரிகிறதே என்று குழம்பினார். மற்றவர்களுக்கு அப்படி மாறவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டும் மாறியது. 1794-ல் மான்செஸ்டரில் இதைப் பற்றிப் பேசினார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. நான் செத்த பிறகு கண்ணை வெட்டிப் பாருங்கள் என்றும் சொல்லி வைத்தார். 1844-ல் அவர் இறந்ததும் மருத்துவர் அப்படியே செய்தார். திரவம் தெளிவாக இருந்தது, கணிப்பு தவறு. ஆனால் கண்ணைத் தூக்கி எறியவில்லை. 150 ஆண்டுகள் கழித்து, 1995-ல், அந்தக் கண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்தார்கள். பச்சையை உணரும் நிறமி அவருக்கு இல்லை! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தன் கேள்விக்குத் தன் கண்ணையே எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர். பிரெஞ்சு மொழியில் இந்தக் குறைபாட்டுக்குப் பெயரே அவர் பெயர்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பையனின் அம்மா யோசித்தார். "எங்க அண்ணன் சின்ன வயசுல பழுத்த மிளகாய் பறிக்கச் சொன்னா பச்சையையும் சேர்த்துப் பறிச்சுட்டு வருவார். ஆத்தா திட்டும். கவனமில்லைன்னு நினைச்சோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்னாலதானா?" என்று கேட்டார். யார் குற்றமும் இல்லை, அம்மா. சிவப்பு–பச்சைக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்துதான் வரும். தாய்க்குப் பெரும்பாலும் பார்வை சரியாகவே இருக்கும். தாய்மாமனுக்கோ தாயின் அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெண்களில் 0.5 சதவீதம்தான்.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை. இரவில் எதிரே தெரியும் விமானம் வருகிறதா போகிறதா என்று அதை வைத்துத்தான் தெரியும். ரேடியோ செத்துவிட்டால் கோபுரத்திலிருந்து விளக்குதான் பேசும்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. பின்னால் உட்கார்ந்திருப்பது நம் வீட்டு ஆட்கள். கெடுபிடி இருக்கத்தான் வேண்டும்.

கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆக முடியாது என்று பலர் நம்புகிறார்கள். பயணிகள் விமானத்துக்கு அது உண்மையில்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். தடுப்பது நிறம்தான். இந்தப் பையன் விஷயத்திலும் புத்தகத்தோடு முடிவு கட்டவில்லை. விமான மருத்துவம் தெரிந்தவரிடம் அடுத்த மாதம் போகிறார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர அந்த நிறுவனம் இழுத்தடிக்கிறது.

உங்கள் பிள்ளை பைலட் என்று சொன்ன அன்றே, பத்தாம் வகுப்பாக இருந்தாலும், கண் மருத்துவரிடம் கூட்டிப்போய் நிறப் பார்வையைச் சோதியுங்கள். சில நிமிட வேலை. பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல், அதன்பின் முதல் வகுப்பு. இவை கையில் வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கட்டாதீர்கள். வங்கிக் கடன் அடுத்த வாரம்.