எஞ்சின் மாற்றமும் அடக்க விலையும்



ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்து இறங்கினால் கொள்முதல் விலையை மட்டும் பார்த்து நாம் விற்பனை விலை போடுவதில்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கழிவு எல்லாம் சேர்த்து அடக்க விலை கண்ட பிறகே லாபத்தைப் பேசுகிறோம். சரக்கில் இத்தனை கவனமாக இருக்கும் நாம், கடை வண்டி விஷயத்தில் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன். அதற்கான தண்டனை எனக்குக் கிடைக்கவில்லை, என் டிரைவருக்குக் கிடைத்தது.

போடியில் எங்களுடையது மொத்தப் பலசரக்குக் கடை. மலை மேலுள்ள எஸ்டேட் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்புவோம். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை வரும். இதற்காக என் தகப்பனார் வாங்கிய பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று இருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கூரை, அவிழ்த்து மடித்தால் திறந்த வண்டி. விடிகாலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்க்காதவர் நம் பள்ளத்தாக்கில் உண்டா?

அமெரிக்க வில்லீஸ் ஜீப்பை மகிந்திரா கம்பெனி 1940-களின் இறுதியில் மும்பையில் பூட்டத் தொடங்கியது. பல ஆண்டுகள் அதில் வந்தது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான். கம்பெனி 1979-ல் பிரான்சு நாட்டு பீஜோவுடன் ஒப்பந்தம் செய்து, 2.1 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. புது டீசல் ஜீப் வாங்க வசதி இல்லாதவர்கள், பழைய ஜீப்பிலேயே டீசல் எஞ்சினை இறக்கிக்கொண்டார்கள். டிராக்டர் எஞ்சின், மேட்டடார் வேன் எஞ்சின் என்று கிடைத்ததெல்லாம் ஜீப்புக்குள் போனது.

காரணம் எளிது. அன்று டீசல் விலை பெட்ரோலில் ஏறக்குறைய பாதி. எங்கள் ஜீப் மலையில் பெட்ரோல் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தது. டீசலுக்கு மாறினால் 10 கிடைக்கும் என்றார்கள், கிடைத்தது. குறைந்த சுற்றிலேயே டீசல் எஞ்சினுக்கு இழுவை உண்டு, ஏற்றத்தில் திணறாது. தீப்பொறி பிளக், டிஸ்டிரிபியூட்டர் இல்லாததால் சாரல் மழையில் நனைந்து நின்றுபோகும் தொல்லையும் இல்லை. 1991-ல் ஒரு பழைய மேட்டடார் எஞ்சினை வாங்கிவிட்டேன்.

வேலை செய்த மெக்கானிக் நல்ல கைகாரர். லேத்துப் பட்டறையில் தகடு கடைந்து கியர்பாக்ஸோடு எஞ்சினைப் பொருத்தினார். புது மவுண்டிங், பெரிய ரேடியேட்டர், பெரிய பேட்டரி, டீசல் திரும்பி வர ஒரு குழாய் என்று ஒவ்வொன்றாகச் செலவு ஏறியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். கடைசியாக அவர் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த எஞ்சின் கனம் ஜாஸ்தி. முன்பக்க ஸ்பிரிங் பட்டையைக் கூட்டணும். பிரேக்குக்குப் பூஸ்டர் வைக்கணும், அதுக்குத் தனியா வேக்குவம் பம்ப் வேணும்." நான், "அடுத்த சீசனுக்குப் பார்ப்போம்" என்றேன். ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றிருந்ததையும் மாற்றவில்லை. முன்அனுமதி பெற்றுப் பதிவு செய்ய அன்று சட்டத்தில் வழி இருந்தது. அலைச்சலுக்குச் சோம்பி விட்டுவிட்டேன்.

ஓராண்டு வண்டி லாபமாக ஓடியது. "முன்னாடி அழுந்துது முதலாளி" என்று டிரைவர் இரண்டு முறை சொன்னார். சீசன் மும்முரத்தில் காதில் வாங்கவில்லை. 1992-ல் ஒரு மழை நாள் மாலை, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் முன் பட்டை முறிந்தது. பிரேக் மிதித்தும் வண்டி நிற்கவில்லை. டிரைவர் பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறை மீது மோத விட்டார். அவர் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுபக்கம் திருப்பியிருந்தால் அவர் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இன்சூரன்சில் ஒரே வரியில் பதில் வந்தது. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல், ஆகவே பணம் இல்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. வைத்தியச் செலவு, மூன்று மாதச் சம்பளம், வண்டி ரிப்பேர் எல்லாம் கடைக் கல்லாவிலிருந்து போயின. டீசலில் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் அதில் கரைந்தது.

இன்றும் பழைய ஜீப்பைத் தேடி வாங்கி எஞ்சின் மாற்ற நினைக்கும் இளைஞர்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது விலை. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. பாதி விலை என்ற காலம் போய்விட்டது. இரண்டாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேஸ், பேட்டரி போன்றவற்றுக்கு மாற்றுவதென்றால் விதிப்படியான கிட் பொருத்திப் பதிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே மாற்றிய வண்டியை வைத்திருப்போர் இந்த வாரமே முன் பட்டையையும் பிரேக்கையும் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸ் தாளையும் எடுத்து, வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு ஒரு முடிவு தெரியும்வரை வண்டியை மலைக்கு விடாதீர்கள். டிரைவர் ஒரு குறை சொன்னால் அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள். எஞ்சினுக்குக் கொடுத்த பணம் கொள்முதல் விலை மட்டுமே. அடக்க விலையில் ஓட்டுகிறவர் உயிரும் சேர்ந்திருக்கிறது.